பிறைக்கு ஒரு கணக்கு, விதைப்புக்கு ஒரு கணக்கு: அந்தலூஸ் முஸ்லிம்களின் விவசாய நாட்காட்டி

 

நம் அடுப்படியில் அன்றாடம் புழங்கும் கத்தரிக்காய்க்கு ஸ்பானிய மொழியில் 'பெரென்ஹேனா' என்று பெயர். 'பாதின்ஜான்' என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. வெப்ப நாட்டுப் பயிரான கத்தரியை அந்த மண்ணுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் முஸ்லிம்கள். அதற்குச் சாட்சியாக அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. ஆனால் செடியைக் கொண்டு சென்றது மட்டும் சாதனையன்று. ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் கத்தரிச் செடி மறுநாள் காலையில் கறுத்துத் துவண்டுவிடும். பனி நீங்கும் முன் விதைத்தால் நாற்று மடியும். மிகவும் தாமதித்து விதைத்தால் காய்ப்பதற்குள் கோடை கழிந்து அடுத்த குளிர் வந்துவிடும். ஆகவே 'எப்போது விதைப்பது?' என்ற கேள்விக்குச் சரியான விடை தெரியாத குடும்பம் அந்த ஆண்டின் உணவையே இழக்க நேரிடும். அந்த விடையை நம் முன்னோர் எவ்வாறு கண்டடைந்தனர் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு பிறையை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவேதான் ரமளான் ஒருமுறை கடுங்கோடையிலும், மற்றொருமுறை குளிரிலும் வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். அறியாமைக் காலத்து அரபியர் மாதங்களை முன்பின்னாகத் தள்ளிவைத்த 'நஸீஃ' என்ற வழக்கத்தை, அத்தவ்பா அத்தியாயத்தின் 37ஆம் வசனம் கண்டித்துத் தடுத்தது. நோன்பும் ஹஜ்ஜும் பிறையோடு உறுதியாக இணைந்தன. ஆனால் 'ரஜப் மாதத்தில் கத்தரி விதை' என்று எவரும் சொல்ல முடியாது. இவ்வாண்டு பொருந்தும் மாதம், பத்தாண்டுகளில் மூன்று மாத அளவுக்கு விலகிப் போயிருக்கும்.

அப்படியானால் மார்க்கம் விவசாயியை நாட்காட்டியின்றி விட்டுவிட்டதா? இல்லை. விளைச்சலுக்குரிய ஜகாத்தை நோக்குங்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஒரு ஹிஜ்ரி ஆண்டு பூர்த்தியாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விளைச்சலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அறுவடை நாளிலேயே அதன் கடமையைக் கொடுத்துவிடுமாறு அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் பணிக்கிறது. வயலுக்குத் தனிக் காலக் கணக்கு உண்டு என்பதை ஷரீஅத்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த உண்மையை ஆட்சியாளர் மறந்தால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு உண்டு. அப்பாசிய ஆட்சியில் நில வரி, பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் நாளையொட்டித் தண்டப்பட்டது. அந்தப் பாரசீக நாட்காட்டி மிகுநாள் சேர்க்கப்படாமல் பருவத்திலிருந்து மெல்ல விலகிச் சென்றது. கதிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கும் நிலை உருவாயிற்று. விளையாத பயிருக்காகக் குடியானவர் கடன்பட வேண்டியதாயிற்று. கலீஃபா அல்முஃததித் 895ஆம் ஆண்டில் வரிக்குரிய நவ்ரூஸை ஜூன் 11ஆம் நாளுக்கு மாற்றி அந்தக் கொடுமையை நீக்கினார். நாட்காட்டிப் பிழை என்பது ஏழையின் வயிற்றைத் தொடும் பிழை.

அரபியர் பருவங்களை அறிய நட்சத்திரங்களையும் நோக்கினர். சந்திரனின் 28 தங்கிடங்களையொட்டி, ஏறத்தாழ 13 நாட்களுக்கு ஒன்றாக ஆண்டைப் பகுத்து, மழை, காற்று, குளிர் ஆகியவற்றின் வருகையைக் கணித்தனர். இதற்கு 'அன்வா' என்று பெயர். இங்கே ஈமான் தொடர்பான கேள்வி ஒன்று எழுகிறது. ஹுதைபியாவில் இரவு மழை பெய்து முடிந்த பின், சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள், நட்சத்திரமே மழை தந்தது என்று கூறுவதைக் கண்டித்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. ஆகவே அறிஞர்கள் தெளிவான கோடு வகுத்தனர். நட்சத்திரம் மழையைத் தருவதில்லை. மழை தருபவன் அல்லாஹ். ஆயினும், கடிகார முள் நேரத்தைக் காட்டுவதுபோல நட்சத்திரம் பருவத்தைக் காட்டலாம். இந்தத் தெளிவு இருந்தமையால்தான் 9ஆம் நூற்றாண்டில் இப்னு குதைபா (ரஹ்) போன்ற மார்க்க அறிஞரே அன்வா பற்றித் தனி நூல் எழுதினார்.

அந்தலூஸில் இந்த மரபு வயலோடு நெருங்கி வளர்ந்தது. கலீஃபா இரண்டாம் அல்ஹகமுக்குக் காணிக்கையாக்கப்பட்ட குர்துபா நாட்காட்டி 961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரீப் இப்னு ஸஃத் என்ற அறிஞரின் பெயரும், ரபீஃ இப்னு ஸைத் என்ற கிறிஸ்தவ ஆயரின் பெயரும் அதனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. அதன் மாதங்கள் முஹர்ரமும் ஸஃபரும் அல்ல, சூரிய ஆண்டின் ஜனவரியும் பிப்ரவரியும்தான். பகலின் நீளம், நட்சத்திர உதயம், தட்பவெப்பம், தோட்ட வேலை, பட்டுப்புழு வளர்ப்பு எனப் பலவும் அதில் மாதவாரியாக உள்ளன. பள்ளிவாசலில் பிறைக் கணக்கு, தோட்டத்தில் சூரியக் கணக்கு. இரண்டையும் அவர்கள் ஒன்றோடொன்று மோதவிடவில்லை.

ஆயினும் ஒரு நாட்காட்டி எல்லா ஊருக்கும் போதுமா? இஷ்பீலியா எனப்படும் செவில் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் உள்ள தாழ்ந்த சமவெளி. அங்கே உறைபனி அரிது. துலைத்துலா எனப்படும் டொலேடோ சுமார் 500 மீட்டர் உயரப் பீடபூமி. அங்கே குளிர்காலத்தில் உறைபனி வழக்கம். கர்னாத்தா எனப்படும் கிரனடாவோ சுமார் 700 மீட்டர் உயரத்தில், பனி மூடிய மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரே நாடு, ஒரே மாதம். ஆனால் செவிலில் நடவு தொடங்கும்போது டொலேடோவில் நாற்றை இன்னும் மூடிவைக்க வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே சந்தித்தவர் இப்னு பஸ்ஸால். டொலேடோவின் ஆட்சியாளர் அல்மஃமூனிடம் பணியாற்றிய தோட்டக்கலை அறிஞர் அவர். 1085இல் அந்நகரம் ஆறாம் அல்ஃபோன்ஸோவிடம் வீழ்ந்த காலத்தில் அவர் செவிலுக்குப் பெயர்ந்து, அங்கே அல்முஃதமிதுக்காகத் தோட்டம் அமைத்தார். பீடபூமியின் குளிரில் பழகிய கைகள் சமவெளியின் வெப்பத்தில் மீண்டும் பழக வேண்டியிருந்தது. மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆற்றலும் பருவத்துக்கேற்ப மாறுபடும் என்று எழுதியவர் அவர்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவிலில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற பெருநூலை எழுதினார். 585 தாவரங்களை அது பேசுகிறது. ஈராக்கில் தோன்றிய 'நபத்திய விவசாயம்' என்ற நூலிலிருந்து அவர் நிறைய எடுத்துக்கொண்டார். ஆனால் ஈராக்கின் வெப்பச் சமவெளிக்குரிய நாட்களை அந்தலூஸுக்கு அப்படியே பொருத்தினால் பயிர் பிழைக்குமா? தம் கருத்தாகச் சொல்வது எதையும் பலமுறை சோதித்துப் பார்க்காமல் எழுதவில்லை என்று அவர் முன்னுரையில் உறுதி கூறுகிறார். செவிலை அடுத்த அஷ்ஷரஃப் மேட்டுநிலமே அவருடைய சோதனைக் களம். பேரீச்ச மரங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றிய புகழ்பெற்ற நபிமொழி, இத்தகைய உலகியல் அனுபவ அறிவை அதற்கு உரியவர்களிடமே விட்டிருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

பனியை வெல்ல அவர்கள் கையாண்ட முறையும் எளிமையானது. புதிய குதிரைச் சாணத்தைக் குவித்தால் அது மட்கும்போது சூடு பிறக்கும். அதன்மேல் மண் பரப்பி, குளிரிலேயே கத்தரி, சுரை போன்றவற்றை விதைத்து, இரவில் மூடிக் காப்பர். பனிக்காலம் முடிந்த பின் நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவர். முள்ளங்கி, கோஸ், பூண்டு, பட்டாணி போன்றவை சிறு பனியைத் தாங்கும். ஆகவே அவற்றுக்கு வேறு காலம். பனி எங்கும் ஒரேபோல் விழுவதும் இல்லை. காற்றற்ற, மேகமற்ற இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். சரிவில் உள்ள பாத்தி தப்பும்போது, அதே தோட்டத்தின் பள்ளத்தில் உள்ள பாத்தி கருகும்.

யமனிலும் இதே அறிவு செழித்தது. ரசூலி மரபின் மூன்றாம் சுல்தான் அல்அஷ்ரஃப் உமர் 13ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாய நாட்காட்டியைத் தொகுத்தார். உறைபனியே அறியாத திஹாமா கடற்கரையும், 2,200 மீட்டருக்கு மேல் குளிரில் நடுங்கும் ஸன்ஆ மேட்டுநிலமும் ஒரே நாட்டில் இருந்தமையால், இடமறிந்து காலம் குறிப்பது அங்கே தவிர்க்க முடியாததாயிற்று.

இந்த நூல்களின் தேதிகளை இன்று எவரேனும் எடுத்தாள விரும்பினால், அவை பழைய ஜூலியன் கணக்கு என்பதை மறக்கலாகாது. குர்துபா நாட்காட்டியின் நாட்களோடு 5ஐயும், இப்னுல் அவ்வாமின் நாட்களோடு 7ஐயும் கூட்டினால்தான் இன்றைய தேதி கிடைக்கும். ஆனால் நாம் அவர்களிடமிருந்து பெற வேண்டியது தேதியன்று, முறை. சமவெளியில் ஆடிப்பட்டம் பார்க்கும் நாம், நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் என்பதை அறிவோம். அங்கே குடியேறிய குடும்பம் சமவெளிக் கணக்கில் கத்தரி விதைத்தால் பனி மன்னிக்காது. கடைசியாகப் பனி விழுந்த நாளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து குறித்து வையுங்கள். அவ்வூரில் பல்லாண்டு பயிர்செய்த பெரியவர்களிடம் கேளுங்கள். சிறு பாத்தியில் சோதித்துப் பாருங்கள்.

தவக்குல் என்பது விதையைப் பனியில் வீசிவிட்டுக் காத்திருப்பதன்று. காலத்தை அறிந்து, இடத்தை அறிந்து விதைத்த பின், முளைக்கச் செய்பவனிடம் கையேந்துவதே தவக்குல். நம் வீட்டுத் தோட்டங்களிலும் நம் பிள்ளைகளின் உள்ளங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.