ஃபெட்சென்கோ பார்க்காத பனியாறு

தஜிகிஸ்தானின் பாமீர் மலைகளுக்கிடையே 77 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது ஃபெட்சென்கோ பனியாறு. துருவப் பகுதிகளை விட்டுவிட்டால், உலகின் மிக நீளமான பனியாறுகளில் ஒன்று. விலங்கியல் வாத்தியாரான எனக்கு அந்தப் பெயர் முதலில் தெரிய வந்தது ஒரு புழுவைப் பற்றிய பாடத்தில்தான்.

அலெக்சி ஃபெட்சென்கோ ரஷ்ய இயற்கையியலாளர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திய ஆசியாவின் துர்கிஸ்தானில் சுற்றியபோது நரம்புச் சிலந்திப் புழுவை ஆராய்ந்தார். அதன் இளம்புழுக்கள், தேங்கிய நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீருயிரியின் உடலுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டுபிடித்தார். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்து புழு தலைகாட்டும். குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்; நடுவில் அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்ட என் பாட்டியின் கணுக்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. குடிநீரைத் துணியில் வடிகட்டு, படிக்கிணற்றை மூடு என்று பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொன்னதெல்லாம் அந்த ஆராய்ச்சி காட்டிய வழி. 2000-இல் இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

1871-இல் ஃபெட்சென்கோ அலாய் பள்ளத்தாக்கு வரை போனார். தெற்கே வெள்ளை மலைகள் தெரிந்தன. பாமீருக்குள் நுழைய வாய்க்கவில்லை. பிறகு ஆல்ப்ஸ் பனியாறுகளைப் பார்க்கச் சென்றவர், 1873-இல் மான்ட் பிளாங்க் மலைப்பகுதியில் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார். வயது 29. 1878-இல் ஒஷானின் என்ற ஆய்வாளர் பாமீர்ப் பனியாற்றின் கீழ்நுனியைக் கண்டு, அதற்கு ஃபெட்சென்கோவின் பெயரை வைத்தார். அதன் முழு நீளத்தையும் அளக்க 1928-இல் சோவியத்-ஜெர்மன் குழு வர வேண்டியிருந்தது.

வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நான் அலெக்சியின் மனைவி ஓல்கா ஃபெட்சென்கோவையும் சேர்த்தே நினைக்கிறேன். தாவரவியலாளர், கணவரோடு துர்கிஸ்தான் முழுக்கச் செடி சேகரித்தவர், வழிநெடுக நிலக்காட்சிகளை வரைந்தவர். கைக்குழந்தையோடு தனியாக நின்ற நிலையிலும் கணவரின் பயண ஆய்வுகள் தொகுதி தொகுதியாக அச்சேறப் பாடுபட்டார். அந்தக் குழந்தை போரிஸும் தாவரவியலாளரானார். 1901-இல் மகனோடு பாமீருக்குள் போய்ச் செடிகள் சேகரித்தார் ஓல்கா. கணவருக்கு வாய்க்காத மலைகளின் தாவரங்களைப் பற்றி 1903-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.