சுல்தானாவின் கொதிகலன்

இன்று பஸ் வண்டிகளிற் பூட்டப்படும் இயற்கை வாயு உருளைகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்கின்றனர். இவ்வழக்கம் வாயு உருளைகளோடு தோன்றியதன்று. நீராவிக் கொதிகலன்கள் வெடித்து மக்களை மாய்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதன் வேர் உள்ளது. அக்கால விபத்துக்களுட் கொடியது, 1865 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நிகழ்ந்தது.

அது சட்டமில்லாமையால் நேர்ந்த விபத்தன்று. பயணிகளை ஏற்றும் நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களை நீரமுக்கத்தாற் சோதித்து அத்தாட்சி வழங்குதற்குப் பரிசோதகர்களை நியமிக்கும் சட்டம் 1852 இலேயே அங்கு இயற்றப்பட்டிருந்தது. சுல்தானா என்னும் கப்பலும் ஏப்ரில் 12 ஆம் திகதி செயின்ற் லூயிஸ் நகரிற் பரிசோதிக்கப்பட்டு, குறையில்லை என்ற அத்தாட்சியைப் பெற்றிருந்தது.

பின்னர் நியூ ஓர்லியன்ஸ் சென்று திரும்புகையில் அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்று கசியலாயிற்று. விக்ஸ்பேர்க் துறையில் அதனைப் பார்த்த கம்மியர், தகடுகளை மாற்றவேண்டும் என்றார். அதற்கு நாட்கள் பல செல்லும். துறையிலோ, உள்நாட்டுப் போரிற் சிறைப்பட்டு மெலிந்து விடுதலையாகி வீடு திரும்பக் காத்திருந்த வீரர் ஆயிரக்கணக்கினர். தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கூலி தரும். தாமதித்தால் அவர்களை வேறு கப்பல் கொண்டு போய்விடும். எனவே, புடைத்திருந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பழைய தகட்டிலும் மெல்லியதொரு ஒட்டுத் தகட்டைத் தறைந்து முடித்தனர். 376 பேரை ஏற்ற உரிமை பெற்ற அக்கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறினர்.

ஏப்ரில் 27 ஆம் திகதி, விடியுமுன் இரண்டு மணியளவில், மெம்பிஸ் நகருக்குச் சற்று வடக்கே கொதிகலன்கள் வெடித்தன. வெந்நீராலும் தீயாலும், வசந்தகால வெள்ளத்தின் குளிராலும் மாண்டோர் தொகை, மிகக் குறைந்த கணக்கின்படியும் ஆயிரத்து நூறுக்கு மேல். 1,800 எனக் கணிப்போரும் உளர். ஒட்டுத் தகடு மட்டுமே காரணமென்று கூறமுடியாது. கலங்களிற் படிந்த ஆற்றுச் சேறும், நீர்மட்டம் தாழ்ந்தமையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எனினும் பதினைந்து நாட்களுக்கு முந்திய அத்தாட்சி, அதன்பின் பழுதுபார்க்கப்பட்ட கலத்துக்கு எவ்வாறு பொருந்தும்? அக்கேள்வியை விக்ஸ்பேர்க்கில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இறுதியில் எவரும் தண்டனை அடையவுமில்லை. லிங்கனைக் கொன்றவன் முந்திய நாளிலேதான் சுடப்பட்டிருந்தான். பத்திரிகைகள் அச்செய்தியில் மூழ்கியிருந்தன.

1905 இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் புரொக்ரன் நகரில், ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் பழைய கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். தறையாணி இணைப்பில் இருந்த பிளவு வெளிப்பார்வைக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின்னரே அம்மாநிலம் 1907 இற் கண்டிப்பான விதிகளை வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதிக்கோவை 1915 இல் வெளிவந்தது.

நீரமுக்கச் சோதனையோ இன்றும் நிலைக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1998 ஆம் ஆண்டுக் கட்டளையால் டில்லியின் பஸ் வண்டிகள் இயற்கை வாயுவுக்கு மாறின. அவ்வாயு, வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 200 மடங்கில் உருளையுள் அடைபட்டிருக்கும். சோதனைக்கு அதனை வெறுமையாக்கி, நீர் நிறைந்த உறையினுள் இறக்கி, உள்ளேயும் நீரை நிரப்பி, வழக்கமான அமுக்கத்துக்கும் மேலாக அழுத்துவர். காற்றை விடுத்து நீரைக் கொள்வது ஏனெனில், நீர் அமுக்கத்தால் மிகச் சிறிதே சுருங்கும். உருளை பிளந்தாலும் அது சீறிப் பாயாது. உருளை விரியும்போது வெளி உறையிலிருந்து வழியும் நீரை அளப்பர். அமுக்கம் நீங்கியதும் அது பழைய பருமனுக்கு மீள்கிறதா என்று பார்ப்பர். மீளாது பெரிதும் விரிந்தே நின்றால், உருக்குத் தளர்ந்துவிட்டது என்பது முடிபு.

தேறிய உருளையின் கழுத்திற் சோதனைத் திகதியைப் பொறிப்பர். தேறாததற்கு ஒட்டுப் போடுவதில்லை; மீண்டும் எந்த வண்டியிலும் பூட்டமுடியாதவாறு அதனைச் சிதைத்துவிடுவர்.