ஈயக்காசும் ஒரு தமிழ் வணிகரும்

நாட்டை வென்றவன் முதலில் கோட்டை கட்டுகிறான். அடுத்துக் காசு அடிக்கிறான். பொற்காசு மன்னர்க்கும் பெருவணிகர்க்கும் உரியது. மீன் விற்பவளின் முந்தானையில் முடிச்சாக இருப்பது சில்லறைக் காசே. ஆட்சி மாறிய செய்தியை எளிய மக்களுக்கு அதுவே கொண்டுசெல்கிறது.

போர்ச்சுகல் நாட்டில் ஐந்தாம் அபொன்சோ மன்னர் (1438–1481) காலத்தில் 'சேத்தில்' என்னும் செப்புக்காசு புழங்கியது. ஒரு புறம் கடலலைமேல் மூன்று கோபுரக் கோட்டை. மறுபுறம் அரச கேடயம். ஆறு சேத்தில் ஒரு ரியால். 1415இல் போர்த்துகீசியர் கைப்பற்றிய செயூத்தா நகரால் இப்பெயர் வந்தது என்பர்.

1511இல் அல்புகெர்க்கு மலாக்காவை வென்றபோது, செம்பின் இடத்தை ஈயம் பெற்றது. ஈயமே இத்தீபகற்பத்தின் செல்வம். மலாக்கா சுல்தான்களின் காசும் ஈயத்தால் ஆனதே. புதிய ஈயக்காசில் பத்துத் தினேரோ ஒரு சோல்தோ. பத்துச் சோல்தோ ஒரு பஸ்தார்தோ. பழைய காசுகள் திரும்பப் பெறப்பட்டன. புதுக்காசை அறிவிக்க யானை ஊர்வலம் நடந்தது. யானைமேல் அமர்ந்து மக்களிடையே காசை வாரி இறைத்தவர்களுள் ஒருவன், தமிழ் வணிகர் நைனா செட்டுவின் மகன்!

1509 முதல் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியர்க்கு உதவியவர் நைனா செட்டு. அதற்குக் கைம்மாறாக, இசுலாமியர் அல்லாத மக்களுக்குத் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். ஆயினும் 1514இல் அப்பதவி கம்பார் மன்னர்க்கு மாற்றப்பட்டது. மானத்தை உயிரினும் பெரிதாகக் கருதிய அவர், சந்தனக் கட்டைகளால் சிதை அடுக்கித் தீப்பாய்ந்தார். மகன் கையால் இறைத்த காசு கடைத்தெருவில் புழங்கிக்கொண்டிருக்க, தந்தையின் பதவி மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை.

நம் முன்னோர் கடாரம் என்றழைத்த கெடா, போர்த்துகீசியர் ஆட்சிக்கு உட்படவில்லை. 1611இல் அவர்கள் கோல கெடாவை எரித்தனர். எனினும் அரசு அழியவில்லை. கெடா சுல்தான்கள் பின்னாளில் தம் நாட்டின் பெயர் பொறித்த ஈயக்காசுகளை வெளியிட்டனர். அந்நாட்டின் தன்மானம் அவற்றில் விளங்குகிறது.

தமிழரின் 'காசு' என்னும் சொல்லைப் போர்த்துகீசியர் 'காய்ஷா' என்றனர். அதன்வழி ஆங்கிலேயர் கீழைநாட்டுச் சில்லறை நாணயங்களைக் 'கேஷ்' என்றழைத்தனர். மலாக்காவில் 1641இல் போர்த்துகீசியர் ஆட்சி முடிந்தது. நைனா செட்டுவுக்குப் பதவி தந்த அரசும் மறைந்தது. அவர் பேசிய மொழியின் சொல்லோ இன்றும் வழக்கில் உள்ளது.