குத்துச்சண்டையும் இசைவும்
இங்கிலாந்துச் சட்ட வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

உயிருக்கு ஊறு விளைக்கவல்ல விளையாட்டுக்களை அரசு தடைசெய்தல் வேண்டுமா, அன்றேல் அவற்றில் ஈடுபடுவோனது விருப்பத்திற்கே விட்டுவிடுதல் வேண்டுமா என்னும் வினா நமது விவாத அரங்குகளிற் பழகிப்போனதொன்று. ஒரு சாரார் உயிரின் பெறுமதியையும் மறுசாரார் தனிமனித சுதந்திரத்தையும் எடுத்துக்கூறி அமர்வர். இரு சாராரும் வரலாற்றை நாடுவது அரிது. ஆயின் இதே வினாவை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வைத்தியசாலையிலும் எதிர்கொண்டு வந்த விளையாட்டொன்று உண்டு. அது குத்துச்சண்டை. அவ்விளையாட்டு இன்றைய வடிவினைப் பெற்ற இங்கிலாந்தில் அது சட்டத்துடன் கொண்டிருந்த உறவினை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

மற்போர் நம்மவர்க்குப் புதியதன்று. ஆமூர் மல்லனைப் பொருது வென்ற போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெறுகின்றன. தோற்றவன் இசைந்துதான் களம் புகுந்தானா என்று அங்கு எவரும் வினவவில்லை. அவ்வினா சட்டப் பிரச்சினையாக உருப்பெறுவதற்குத் தனிமனிதன், ஒப்பந்தம், கூலி என்னுங் கருத்துக்கள் வேரூன்றிய ஒரு சமுதாயம் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து அத்தகையதொரு சமுதாயமாகும்.

அக்காலத்தில் வெறுங்கையாற் பொருதிய சண்டைகளே நிகழ்ந்தன. 1743இல் ஜாக் புரௌட்டன் என்பான் தனது அரங்கிற்கென வகுத்த விதிகளே இவ்விளையாட்டின் முதல் விதித்தொகுதியெனக் கொள்ளப்படுகின்றன. வீழ்ந்தவனை அடித்தலாகாது, இடுப்பிற்குக் கீழே பற்றுதலாகாது, வீழ்ந்தவன் அரை நிமிடத்தினுள் எழுந்து கோட்டிற்கு வராவிடிற் தோற்றவனாவான் என்பன அவற்றுட் சில. வீரர்களை ஆதரித்தோர் பிரபுக்கள். அவர்களது நோக்கம் பந்தயம். 1750இற் புரௌட்டன் தோற்றபோது அவன்மீது பந்தயங்கட்டியிருந்த கம்பர்லாந்துக் கோமகன் பெருந்தொகையை இழந்தான் என்பர். அதன்பின் அரங்கும் மூடப்பட்டது.

களத்தில் இறங்கியோர் யாவர் என்பதை நோக்குமிடத்து மற்றொரு சித்திரம் புலனாகின்றது. இலண்டனின் யூதக் குடியிருப்பிற் பிறந்த டானியல் மென்டோசா, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து இங்கிலாந்து வந்த பில் ரிச்மண்ட், 1810இலும் 1811இலும் டொம் கிரிப்புடன் பொருதிய கறுப்பினத்தவனான டொம் மொலினோ என இப்பட்டியல் நீளும். ஐரிஷ்காரரும் மிகுதி. 1952இல் வைன்பேர்க், அரொண்ட் என்னும் சமூகவியலாளர் இருவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிசெய்தது. ஐரிஷ்காரர், யூதர், இத்தாலியர், கறுப்பினத்தவர் என நகரின் அடித்தட்டில் எவ்வினத்தவர் இருந்தனரோ அவ்வினத்தவரே அவ்வக்காலத்தில் அரங்கினை நிரப்பினர். மேலே ஏறியவர்கள் விலகிக்கொண்டனர். தனிமனித விருப்பம் என நாம் இலகுவிற் பேசுவது எத்துணை வறுமையின் நெருக்குதலுக்கு உட்பட்டது என்பதை இது உணர்த்தும்.

சட்டம் இச்சண்டைகளை அமைதிக் குலைவாகவே கருதியது. சண்டை அதனால் நிற்கவில்லை. ஊரின் எல்லைக்கு அப்பாற் சென்றது. இருவேறு மாவட்டங்களின் எல்லையில் நடத்தினால், ஒரு மாவட்ட அதிகாரி வருமுன் மறுமாவட்டத்திற்குட் புகுந்துவிடலாம். 1838இல் ஓவன் சுவிஃப்டுடன் பொருதிய 'பிரைட்டன் பில்' எனப்பட்டவன் இறந்தான். அவ்வாண்டிலேயே இலண்டன் பரிசுச் சண்டை விதிகள் வகுக்கப்பட்டன. வீழ்ந்தவனைத் துணைவர் தூக்கிக்கொணர்ந்து கோட்டில் நிறுத்தும் வழக்கம் அவற்றால் விலக்கப்பட்டது. அவன் தானாகவே வந்து நிற்றல் வேண்டும் என்றாயிற்று. உணர்விழந்த உடலைச் சண்டைக்கு நிறுத்திய வழக்கம் அதுகாறும் இருந்தது என்பதே நம்மைத் திகைக்க வைக்கின்றது.

1860 ஏப்பிரல் 17ஆந் திகதி ஃபாண்பரோவில் இங்கிலாந்தின் டொம் சேயர்ஸும் அமெரிக்கனான ஜோன் ஹீனனும் பொருதினர். சட்டவிரோதமான அச்சண்டையைக் காண்பதற்கு இலண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து தனிப் புகையிரதங்கள் புறப்பட்டன. செல்லுமிடம் பயணச்சீட்டிற் குறிக்கப்படவில்லை. இரண்டு மணித்தியாலத்திற்கு மேலாகச் சண்டை நீடித்தது. வலக்கை பழுதுபட்ட நிலையில் ஒருவனும், கண்கள் வீங்கிப் பார்வை மங்கிய நிலையில் மற்றவனும் நிற்கப் பொலிஸார் உட்புகுந்தனர். முடிவு சமநிலை. இதுபற்றிப் பாராளுமன்றத்திற் கேள்வியெழுந்தது. எட்டு ஆண்டுகளின் பின், 1868ஆம் ஆண்டுப் புகையிரத ஒழுங்குச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பரிசுச் சண்டைக்கெனத் தனிப் புகையிரதம் விடும் கம்பனிக்கு 200 பவுணிற்குக் குறையாததும் 500 பவுணிற்கு மேற்படாததுமான தண்டம் அதில் விதிக்கப்பட்டது. சண்டையிட்டவனை விடுத்து அவனை வைத்து உழைத்தவனை இச்சட்டம் பிடித்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் நன்று. இதற்கிடையில், 1867இற் குவீன்ஸ்பெரிப் பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் (அவற்றை எழுதியவர் ஜோன் கிரஹாம் சேம்பர்ஸ் என்பவர்) கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, பத்து விநாடி எண்ணிக்கை என்பவற்றை நிலைநாட்டின.

இசைவு பற்றிய முதன்மையான தீர்ப்பு 1882இல் வெளிவந்தது. முந்திய ஆண்டு யூன் மாதத்தில் அஸ்கொட்டிற்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு சண்டையைப் பார்த்து நின்ற கோனி முதலியோர்மீது தொடரப்பட்ட வழக்கு அது. நீதியரசர் பதினொருவர் கூடி விசாரித்தனர். பார்த்து நின்றமை மட்டுமே குற்றத்திற்கு உடந்தையாகாது என எண்மர் கூறினர், மூவர் மறுத்தனர். ஆயின் பரிசுச் சண்டை சட்டவிரோதமானதே; அதில் ஈடுபட்ட இருவரும் இசைந்தனர் என்பது எதிர்வாதமாகாது. நீதியரசர் ஸ்டீபன் அதற்கான காரணத்தை விளக்கினார். ஒருவன் ஏற்கும் ஊறு அவனுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்குந் தீங்காகும்போது அவனது இசைவிற்குப் பெறுமதி இல்லை என்பது அவரது நிலைப்பாடு. மில் 'சுதந்திரம்' பற்றிய தமது நூலை 1859இல் வெளியிட்டுக் கால் நூற்றாண்டு கழியுமுன், பிறர்க்குத் தீங்கு என்னும் அவரது அளவுகோலே இங்கு தடைக்குக் கருவியாயிற்று.

இதே 1882ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி. அவ்வாண்டுக் கோடையில் அல்ப்ஸ் மலைகளிற் பிரித்தானியர் சிலர் இறந்தனர். கேம்பிறிட்ஜின் இளம் விலங்கியற் பேராசிரியரான பிரான்சிஸ் பல்ஃபர் அவர்களுள் ஒருவர். ஏற்கெனவே 1865இல் மட்டர்ஹோர்ண் சிகரத்திலிருந்து இறங்குகையில் நால்வர் வீழ்ந்து மாண்ட செய்தி நாட்டை உலுக்கியிருந்தது. மலையேறுதலுக்கு எதிராகத் தாம் ஏதேனுங் கூறலாமா என விக்ரோறியா மகாராணி தமது செயலாளர் மூலம் பிரதமர் கிளாட்ஸ்ரனை வினவினார். தலையிடுதலைத் தம்மால் ஊக்குவிக்க இயலாது என்பதே பிரதமர் அளித்த விடையின் சாரம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அஸ்கொட்டின் கூலிச் சண்டைக்காரனது இசைவு செல்லாது. அல்ப்ஸில் ஏறிய கனவானது இசைவு மகாராணியாலும் மீறப்படலாகாது. மலை எவரையும் எதிர்த்து அடிப்பதில்லை, குத்துச்சண்டையிலோ ஒருவன் மற்றவனை அடிக்கின்றான் என்று கூறுவோர் உளர். அவ்வேறுபாடு உண்மையானதே, அதனைப் புறக்கணித்தலாகாது. ஆயினும் அது முழு விளக்கமுமன்று. 1891இல் இலண்டன் கொவன்ற் கார்டனில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகத்தில், மாலை உடையணிந்த அங்கத்தவர் மௌனமாக அமர்ந்திருக்க, கையுறை அணிந்த இருவர் அடித்துக்கொண்டனர். 1901இல் அங்கு ஒருவன் இறந்தபின் அவனுடன் பொருதியவனும் கழகத்தாரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். யூரிமார் அவர்களை விடுவித்தனர். அஸ்கொட் வயல்வெளியில் இசைவினாற் பெறமுடியாத பாதுகாப்பு, சுவர்களுக்குள்ளே கனவான்களின் முன்னிலையிற் கிடைத்தது. சட்டத்தின் கண்ணை முதலில் உறுத்தியது காயமன்று, கூட்டமே என்பது என் துணிபு.

20ஆம் நூற்றாண்டில் இப்பிரச்சினையின் முகம் மாறியது. மாற்றியவர் வைத்தியர். 1928இல் ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க வைத்தியர், தள்ளாடி நடந்து குழறிப் பேசும் முன்னாள் வீரர்களின் நிலையை மருத்துவ ஏட்டில் விவரித்தார். 1969இல் வெளிவந்த ரொபர்ட்ஸின் அறிக்கை இதனிலும் வன்மையானது. 1929 முதல் 1955 வரை பிரித்தானியாவிற் பதிவுசெய்த தொழில்முறை வீரர்களிலிருந்து எழுமாற்றாகத் தெரிந்தெடுக்கப்பட்ட 250 பேருள் 224 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 37 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பதினேழு பேரிடம், குத்துச்சண்டையால் விளைந்த மூளைப் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டன. 1973இற் கோர்செலிஸும் அவரது உடனாய்வாளரும், இறந்த வீரர் 15 பேரின் மூளைகளை ஆராய்ந்து பாதிப்பின் தன்மையைக் கண்முன் நிறுத்தினர்.

இதனால் இசைவு என்பதன் பொருளே கேள்விக்குரியதாயிற்று. இருபது வயதில் அரங்கேறுபவன் உடைபடும் மூக்கிற்கு இசைகின்றான். ஐம்பது வயதில் தன் மனைவியின் பெயரை மறப்பதற்கும் அவன் இசைந்தவனாவானா? கையுறை முகத்தை விடக் கையையே காத்தது என்றும், கை நோவாது என்றறிந்தவன் தலையை மேலும் மேலும் தாக்கலானான் என்றும் பலர் கருதுவர். நாகரிகத்தின் சின்னமென மதிக்கப்பட்ட விதியே தீங்கினைக் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாற்றியிருத்தலுங் கூடும்.

தாமே வைத்தியரான எடித் சமர்ஸ்கில் அம்மையார் 1956இல் இவ்விளையாட்டைக் கண்டித்து நூலெழுதினார். 1960இற் பொதுமக்கள் சபையிலும் 1962இற் பிரபுக்கள் சபையிலும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு எதிராக அவர் எடுத்த முயற்சிகள் தோல்வியுற்றன. வட ஐரோப்பா வேறுவழி சென்றது. சுவீடன் 1970இலும் நோர்வே 1981இலும் தொழில்முறைச் சண்டையைத் தடைசெய்தன. தடையின் பயனை மதிப்பிட நோர்வேயின் ஸ்டெஃபன் தாங்ஸ்தாட்டின் வாழ்க்கை உதவும். சொந்த நாட்டில் தொழில்முறையிற் பொருத இயலாத அவர், பிற நாடுகளிற் பொருதி 1980களில் ஐரோப்பிய வாகையராயினார். நோர்வே இளைஞரிடையே இத்தொழில் வேர்கொள்ளாமற் செய்தமை தடையின் வெற்றி. விரும்பியவனைக் காக்காது எல்லைக்கு அப்பால் அனுப்பியமை அதன் தோல்வி. சுவீடன் 2006இல் நிபந்தனைகளுடன் தடையைத் தளர்த்தியது. நோர்வே 2014இல் அதனை நீக்கத் தீர்மானித்தது.

விருப்பத்திற்கே விட்ட நாடுகளில் மாற்றம் மரணத்தின் பின்னரே வந்தது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் 14ஆஞ் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரன் கிம் டக்-கூ சில நாட்களில் இறந்தான். அதன்பின்னரே உலகக் குத்துச்சண்டை மன்றம் வாகைப் போட்டிகளின் சுற்றுக்களைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது.

இனி, இவ்வரலாற்றில் யான் முதன்மையாகக் கருதும் வழக்கிற்கு வருவோம். 1991 செப்ரெம்பர் 21ஆந் திகதி இலண்டனில் கிறிஸ் யூபாங்குடன் பொருதிய மைக்கல் வாட்சன் இறுதிச் சுற்றில் நிலைகுலைந்தார். மூளையிற் குருதி கசிந்தது. அரங்கின் அருகே உயிர்ப்பூட்டுஞ் சிகிச்சைக்கு உரிய ஏற்பாடு இல்லை. முதலிற் கொண்டுசெல்லப்பட்ட வைத்தியசாலையில் மூளை அறுவைக்கு வசதியில்லை. நாற்பது நாட்கள் உணர்வற்றுக் கிடந்த அவர் நிரந்தரமான ஊனத்துடன் எழுந்தார். அவர் வழக்குத் தொடுத்தது தம்மை அடித்தவர்மீதன்று; 1929 முதல் இவ்விளையாட்டை நிருவகித்து வந்த பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபைமீது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 டிசெம்பரில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எதிரியின் அடிக்கு அவர் இசைந்திருந்தார். அடிபட்டபின் உரிய சிகிச்சை கிடையாமைக்கு அவர் இசைந்தாரல்லர். காப்புறுதியற்ற சபை தனது தலைமையகத்தை விற்க நேர்ந்தது. 2001இல் 4 இலட்சம் பவுண் நட்டஈட்டுடன் பிணக்குத் தீர்ந்தது.

1868இன் புகையிரதச் சட்டமும் இத்தீர்ப்பும் ஒரே திசையை நோக்குவன. தடையா விருப்பமா என்னும் விவாதத்தில் இரு கட்சியினருந் தம் பார்வையைக் களத்தில் நிற்பவன்மீதே பதிக்கின்றனர். முன்னவர் அவனைத் தண்டிப்பர். பின்னவர் அவனது இசைவைக் காட்டித் தாம் விலகிக்கொள்வர். சண்டையை ஒழுங்குசெய்து அனுமதிச்சீட்டு விற்பவனை இரு கட்சியினரும் மறந்துவிடுகின்றனர்.

வாட்சனுக்கு நேர்ந்ததன் பின்னர், வழக்கு முடியுமுன்னரே, அரங்கின் ஏற்பாடுகள் திருத்தப்பட்டிருந்தன. 1998 மே மாதத்தில் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஸ்பென்சர் ஒலிவர் என்னும் இளைஞர் பத்தாஞ் சுற்றில் மூளையிற் குருதிக் கசிவுடன் வீழ்ந்தார். அரங்கினுள்ளேயே மயக்கமருந்து வைத்தியர் அவருக்குச் சிகிச்சையளித்தார். அங்கிருந்து அவர் அறுவைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் மீண்டும் பொருதவில்லை. பின்னாளிற் குத்துச்சண்டை பற்றி வர்ணனையாளராகப் பேசிவந்தார்.