வெட்டும் கையும் வாசிக்கும் மூச்சும்: சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா பிறந்த கதை

1999இல் லண்டனைச் சேர்ந்த நிஞ்சா டியூன் நிறுவனம் ‘மோஷன்’ என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. அட்டையில் இருந்த பெயர் ‘தி சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா’. தட்டை ஓடவிட்டால் டபுள் பேஸ் நிதானமாக நடை போடும். ட்ரம்ஸ் அதன் காலடியைப் பிடித்துக்கொண்டே வரும். எங்கிருந்தோ ஒரு சாக்ஸஃபோன் எழும்பி, பெரிய திரையில் காட்சி விரிவதுபோல இசையை அகலமாக்கும். விளக்கணைத்த அரங்கில் ஒரு ஜாஸ் குழு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறது என்றே கேட்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் அந்த இசை அந்த உருவத்தில் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டதல்ல. பழைய தட்டுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளையும், கலைஞர்கள் வாசித்த பதிவுகளையும் கணினியில் வெட்டி, அடுக்கி, ஒட்டி அதை உருவாக்கியவர் ஜேசன் ஸ்வின்ஸ்கோ.

ஆகவே இந்தக் குழுவுக்குப் பிறப்பு இரண்டு. முதல் பிறப்பு கணினித் திரையில், வெட்டும் கையால் நடந்தது. இரண்டாவது, மேடையில், வாசிக்கும் மூச்சால் நடந்தது. இரண்டாவது பிறப்பு நேர்ந்திராவிட்டால் ‘மோஷன்’ ஓர் அழகான தட்டாகவே நின்றிருக்கும். ஒரு குழு உண்டாகியிருக்காது. அந்த இரண்டாம் பிறப்புக்குக் காரணமாக இருந்தது 1929இல் வந்த ஒரு மௌனப் படம்.

ஸ்வின்ஸ்கோ படித்தது இசை அல்ல, நுண்கலை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் கலை மாணவராக இருந்தபோது, 1990இல் நண்பர்களோடு ‘கிராப்லேடர்’ என்ற குழுவைத் தொடங்கினார். ஜாஸும் முரட்டு பங்க் இசையும் சாம்பிள்கள் எனப்படும் ஒலித்துண்டுகளும் கலந்த குழு அது. பிறகு தெற்கு லண்டனில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய வானொலி ஒன்றில் டிஜேயாக இருந்தார். நிஞ்சா டியூனில் அவர் முதலில் சேர்ந்ததும் கலைஞராக அல்ல. தட்டுகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஏற்றுமதிப் பிரிவு வேலைக்கு. 1990இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மேட் பிளாக்கும் ஜொனதன் மோரும் ‘கோல்ட்கட்’ என்ற பெயரில் இயங்கிய டிஜேக்கள். ஒட்டுவேலையையே கலையாக மதித்த இடம் அது. கோல்ட்கட்டின் பாட்டுக்கும், ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவின் இசைக்கும் ஸ்வின்ஸ்கோ மறுகலவை செய்து கொடுத்தார். பெட்டி கட்டி அனுப்பும் பிரிவில் இருந்தவருக்கு அந்தப் பெட்டிக்குள் தன் தட்டையும் வைக்கும் வாய்ப்பு இப்படித்தான் வந்தது.

வெட்டி ஒட்டுவது ஜாஸுக்குப் புதிதல்ல. 1969 ஆகஸ்டில் மைல்ஸ் டேவிஸ் ‘பிச்சஸ் புரூ’ தட்டுக்காக மூன்று நாள் ஒலிப்பதிவு செய்தபோது, கலைஞர்கள் நீண்ட நேரம் வாசித்துத் தள்ளினார்கள். தயாரிப்பாளர் டியோ மாசெரோ அந்த நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டி உருப்படிகளாக்கினார். வாசித்தவர்கள் ஸ்டுடியோவை விட்டுப் போன பிறகு இசையமைப்பின் ஒரு பகுதி நடந்தது. 1980களின் கடைசியில் சாம்பிளர் கருவிகள் மலிவாகப் பரவியபோது அந்த பிளேடு ஒவ்வொரு வீட்டு அறைக்கும் வந்துவிட்டது. பழைய தட்டில் நான்கு நொடி ட்ரம்ஸைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, மேலே புதிய பாட்டைக் கட்டலாம் என்றானது. 1993இல் ‘அஸ் த்ரீ’ என்ற லண்டன் குழு, ஹெர்பி ஹான்காக் 1964இல் பதிவுசெய்த ‘கேன்டலூப் ஐலண்ட்’ உருப்படியை அப்படித்தான் உலகம் முழுக்க நடன அரங்குகளில் ஒலிக்கவைத்தது.

அந்த வழியில் ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. பழைய தட்டுதான் அங்கே அடித்தளம், புதிதாக வாசிப்பவர் அதன்மேல் பூச்சு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாசித்தவர், இன்று வாசிப்பவருக்கு பதில் சொல்லவே முடியாது. சுழலும் துண்டு மாறுவதில்லை. 1990களின் நடுவில் இந்தப் பூட்டை உடைக்கப் பல ஊர்களில் பலர் முயன்றார்கள். நார்வேயில் பியானோ கலைஞர் பூகே வெசல்டாஃப்ட் ‘ஜாஸைப் பற்றிய புதிய கருத்து’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு அமைத்தார். அதே நாட்டின் ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பெட்டர் மோல்வேர் 1997இல் ‘குமெர்’ தட்டில் தன் மூச்சை மின்னணுத் தாளங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். பெர்லினில் ‘ஜாஸனோவா’ டிஜேக்கள் கூடினார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்து நு-ஜாஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒவ்வொருவரும் பூட்டைத் திறந்த விதம் வேறு.

ஸ்வின்ஸ்கோ கண்ட வழி ஒரு சுற்று. முதலில் பழைய ஜாஸ் தட்டுகளிலிருந்தும் திரைப்படப் பின்னணி இசைத் தட்டுகளிலிருந்தும் துண்டுகளைத் தேர்ந்து ஒரு சுழலைக் கட்டுவார். அதை டபுள் பேஸ் வாசிக்கும் ஃபில் ஃபிரான்ஸ், சாக்ஸஃபோன் வாசிக்கும் டாம் சான்ட், ட்ரம்பெட் வாசிக்கும் ஜேமி கோல்மன் போன்றவர்களிடம் கொடுப்பார். அவர்கள் அதைக் கற்றுக்கொண்டு, அதன்மேல் மனோதர்மமாக வாசிப்பார்கள். நம் கச்சேரியில் நிரவல் பாடுகிறவர் ஒரே வரியை, அது விழவேண்டிய தாள இடத்தை விடாமல், ஒவ்வொரு தடவையும் வேறொன்றாக்கிக் காட்டுவாரே, அந்த மாதிரியான வேலை. அந்த வாசிப்பு பதிவானதும் ஸ்வின்ஸ்கோ அதையே மறுபடி சாம்பிளாக்குவார். பழைய தட்டின் துண்டும் நேற்றுப் பதிவான துண்டும் கணினியில் சரிசமமாகக் கிடக்கும். இரண்டையும் வெட்டி அடுக்குவார். தட்டிலிருந்து மனிதருக்கு, மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு என்று ஒலி சுற்றிவந்தது. பழைய தட்டு அடித்தளமாக மட்டும் நிற்கவில்லை, உரையாடலைத் தொடங்கிவைக்கும் முதல் கேள்வி ஆயிற்று.

டாம் சான்ட் இந்தச் சுற்றுக்கு ஏற்ற ஆள். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அந்தந்தக் கணத்தில் பிறக்கும் சுதந்திர வாசிப்பு வட்டத்திலிருந்து வந்தவர். அந்த வட்டத்தின் மூத்த ட்ரம்ஸ் கலைஞர் எடி பிரேவோவோடு மூவர் குழுவில் வாசித்தவர். ஒரு துண்டு மாறாமல் சுழலும்போது, தானும் அதோடு சுழல மறுக்கும் வாத்தியம் ஒன்று வேண்டும். அந்த மறுப்பை அவரது சாக்ஸஃபோன் செய்தது.

பெயரிலேயே சினிமா இருப்பது வெறும் அலங்காரமல்ல. ‘மோஷன்’ தட்டில் ஓர் உருப்படியின் தலைப்பே ஜான் ஹியூஸ்டன் 1964இல் இயக்கிய ‘நைட் ஆஃப் தி இகுவானா’ படத்தின் பெயர். திரைப்படப் பின்னணி இசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது பாட்டுபோல பல்லவிக்குத் திரும்பவேண்டிய கட்டாயம் இல்லாதது, காத்திருக்கத் தெரிந்தது. ஸ்வின்ஸ்கோ அந்தப் பொறுமையை நடன இசையின் சுழலுக்குள் கொண்டுவந்தார். தட்டு வந்த பிறகு, ஸ்டான்லி குப்ரிக்குக்கு வாழ்நாள் சாதனை விருது தந்த இயக்குநர் சங்க விழாவில் வாசிக்கக் குழுவுக்கு அழைப்பு வந்ததில் வியப்பில்லை.

அடுத்து வந்த அழைப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது. போர்த்துகலின் போர்ட்டோ நகரம் 2001இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர்களில் ஒன்று. அந்த விழாவின் அமைப்பாளர்கள் இவர்களிடம் கேட்டது இதுதான்: சீகா வெர்டோவின் ‘மேன் வித் எ மூவி கேமரா’ மௌனப் படத்துக்குப் புதிய இசை எழுதவேண்டும், படம் திரையில் ஓடும்போதே அதை மேடையில் வாசிக்கவேண்டும்.

படம் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். கதை இல்லை, நடிகர் இல்லை, அரங்க அமைப்பு இல்லை, எழுத்து அட்டைகளும் இல்லை. சோவியத் நகரங்களின் ஒரு நாள், விடியலிலிருந்து தொடங்கி டிராம் வண்டிகள், ஆலைகள், திருமணப் பதிவு, மணவிலக்கு, பிரசவம், சவ ஊர்வலம், கடற்கரை என்று ஓடுகிறது. கேமராவைத் தோளில் சுமந்து திரிபவர் வெர்டோவின் தம்பி மிகாயில் காஃப்மன். படத்தைத் தொகுத்தவர் வெர்டோவின் மனைவி யெலிசவேதா ஸ்விலோவா. அவரும் படத்துக்குள்ளேயே வருகிறார்: வெட்டும் மேசையில் உட்கார்ந்து படச்சுருளைப் பார்க்கிறார், குழந்தை முகமொன்று அசையாத சட்டகமாக அவர் கையில் இருக்கிறது, அடுத்த கணம் அந்த முகம் திரையில் உயிர்பெற்றுச் சிரிக்கிறது. ஸ்வின்ஸ்கோ ஒலிக்குச் செய்துகொண்டிருந்த வேலையை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெண்மணி படத்துக்குச் செய்து காட்டியிருந்தார்.

வெர்டோவும் ஒலியிலிருந்து வந்தவர்தான். இளவயதில் இசை பயின்றவர். படத்துறைக்கு வருவதற்கு முன் ‘கேள்வி ஆய்வகம்’ என்ற பெயரில் சுற்றுப்புற ஒலிகளைப் பிடித்து அடுக்கிப் பார்க்க முயன்றார். அந்தக் காலத்துக் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஒலியில் செய்ய முடியாத தொகுப்பைப் பிற்பாடு கண்ணுக்காகச் செய்தார். அவர் கேட்க விரும்பி முடியாமல் போன இசைக்கு மிக அருகில் வாழ்ந்த தலைமுறை, சாம்பிளரும் கணினியும் கையில் இருந்த இந்த லண்டன்காரர்களின் தலைமுறை. போர்ட்டோவின் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பது இங்கே விளங்குகிறது.

ஆனால் பொருத்தம் மட்டும் போதாது, வேலை கடினமானது. ‘மோஷன்’ உருவான வழி இங்கே பயன்படாது. மேடையில் வாசித்த பிறகு வெட்டி ஒட்ட நேரம் கிடையாது. படம் யாருக்காகவும் நிற்காது. சாக்ஸஃபோன் இன்னும் நான்கு ஆவர்த்தனம் நீட்ட ஆசைப்பட்டாலும், திரையில் டிராம் திரும்பிவிட்டால் இசையும் திரும்பவேண்டும். வெட்டும் வேலையை ஒருவர் கணினியில் செய்த நிலை போய், மேடையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து காதாலும் கண்ணாலும் செய்யவேண்டிய நிலை வந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே ஒருவருக்கு இடம் விடுவது, எந்தச் சுழலை எத்தனை தடவை ஓடவிடுவது என்பதெல்லாம் அந்தக் கணத்திலேயே முடிவாகவேண்டும். சாம்பிளரும் டர்ன்டேபிளும் கூட அப்படி மற்ற வாத்தியங்களுக்குக் காதுகொடுத்து வாசிக்கவேண்டிய வாத்தியங்களாகிவிட்டன. ‘டிஜே ஃபுட்’ குழுவிலிருந்து வந்த பேட்ரிக் கார்பென்டர் டர்ன்டேபிளில் கை வைத்து வாசித்தார். லூக் ஃபிளவர்ஸின் ட்ரம்ஸ், இயந்திரத் தாளத்தின் துல்லியத்தை மனித மணிக்கட்டால் தொட்டுக் காட்டியது. மனிதர் இயந்திரத்திடமிருந்து கற்றது இது. சுழல் ஒன்று கலைஞர்களுக்காகக் காத்திருந்து வழிவிட்டபோது, இயந்திரத்தை இயக்கிய கையும் மனிதரிடமிருந்து கற்றது.

இந்த இசையோடு குழு பல ஊர்களுக்குப் பயணம் போனது. அதிலிருந்து கிளைத்ததுதான் 2002இல் வந்த ‘எவ்ரி டே’. வெர்டோவுக்காக எழுதிய கருக்களில் சில, அந்தத் தட்டில் பாட்டுகளாக வளர்ந்தன. பாட வந்தவர் ஃபோன்டெல்லா பாஸ். 1965இல் ‘ரெஸ்க்யூ மீ’ பாடிப் புகழ்பெற்ற செயின்ட் லூயிஸ் நகரப் பாடகி. 1970இல் அவர் ‘ஆர்ட் என்சம்பிள் ஆஃப் சிகாகோ’ குழுவோடு ‘தீம் தெ யோயோ’ பாடியிருந்தார். அதுவும் ஒரு திரைப்படத்துக்காக உருவானது. அந்த உருப்படியைச் சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா தங்கள் வெர்டோவ் இசைக்குள் மறுபடி வாசித்தது. ஒரு குழு தன் முன்னோர்களை வெறும் துண்டுகளாகப் பயன்படுத்துவதிலிருந்து, அவர்களில் ஒருவரையே கூடத்துக்கு அழைத்துப் பாடவைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. சாம்பிள் பண்பாட்டில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. முன்பு பதில் சொல்ல முடியாதிருந்த தட்டு இப்போது வாய் திறந்தது. அதே தட்டில் தெற்கு லண்டன் ராப் கலைஞர் ரூட்ஸ் மனுவா பதினோரு நிமிட உருப்படி ஒன்றில் தன் குரலைக் கொடுத்தார். வெர்டோவ் படத்துக்கான இசையும் 2003இல் தட்டாக வெளிவந்தது. அதே ஆண்டு அந்த இசையோடு படமும் டிவிடியாக வந்தது.

அதன்பின் கதை வேகமானது. 2007இல் ‘மா ஃபிளர்’, எடுக்கப்படாத ஒரு கற்பனைப் படத்துக்கான பின்னணி இசையாகவே எழுதப்பட்டது. அதில் பேட்ரிக் வாட்சன் பாடிய ‘டு பில்ட் எ ஹோம்’ குழுவின் மிகப் பரவலான பாட்டானது. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரிடேஜ் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார்கள். தான்சானியாவின் நாட்ரான் ஏரியில் வாழும் பூநாரைகளைப் பற்றிய டிஸ்னி ஆவணப்படத்துக்கு இசையமைத்தார்கள். பிறகு நீண்ட இடைவெளி. 2019இல் ஸ்வின்ஸ்கோவும் டொமினிக் ஸ்மித்தும் சேர்ந்து ‘டு பிலீவ்’ தட்டைக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், குழு நின்றது. ஒரே ஆளின் கணினியில் மட்டும் அது இருந்திருந்தால் இப்படி ஆள் மாறியும் நிற்க முடிந்திருக்காது.

இயந்திரம் வந்தால் வாத்தியக் கலைஞருக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் இன்று இன்னும் பலமாகக் கேட்கிறது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. இந்தக் குழுவின் கதை அதற்குத் தருகிற பதில் ஆறுதல் வார்த்தை அல்ல, ஒரு வேலைமுறை. இயந்திரம் கொடுத்ததை மனிதர் மாற்ற உரிமை இருக்கவேண்டும். மனிதர் மாற்றியதை இயந்திரம் ஏற்கவேண்டும். கடைசியில் எல்லோரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் மிஞ்சுவது ஒட்டுவேலை மட்டுமே. ‘மோஷன்’ தட்டையும் வெர்டோவ் படத்துக்கான இசையையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். முதலாவதில் ஒரு நல்ல காது தெரியும். இரண்டாவதில் பல காதுகள் ஒன்றையொன்று கேட்பது தெரியும். சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா பிறந்தது அந்த இரண்டாவதில்தான்.