விருதுநகர்–சிவகாசி வட்டாரக் குடிபெயர்வு

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் மழை பெய்தால்தான் ஓடும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய்கள் வறண்டு, பருத்தியும் கம்பும் கைவிட்டுவிடும். இத்தகைய மண்ணிலிருந்து ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியேறுவதில் வியப்பில்லை. பலர் வெளியேறாமல் தங்கியதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

வந்து குடியேறியவர்களின் வரலாறு நீளமானது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் உழவர் குடிகள் கரிசலுக்கு வந்தன; ராஜபாளையத்து ராஜுக்களும் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டில் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டுச் சீமையிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி வடக்கே வந்தனர். சிவகாசி, விருதுபட்டி (1923 முதல் விருதுநகர்), அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் பேட்டைகள் அமைத்துத் தங்கினர். விற்பனையில் ஒரு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தனர். உறவின்முறைகள் எனப்படும் சமூக அமைப்புகள் பள்ளிகள் நடத்தியது அந்தப் பணத்தில்தான். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அவற்றுள் ஒன்று. வந்தவர்கள் வளர்ந்தது உரசலின்றி நடக்கவில்லை. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி மூண்ட பகை, 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரமாக வெடித்தது.

வெளியேறியோருள் ஒரு சாரார் ஏலக்காய், மிளகாய், பருப்பு, மளிகை வணிகத்தைத் தொடர்ந்து போடிக்கும் கேரளத்துக்கும் சென்னைக்கும் போயினர். இன்னொரு சாரார், அன்றைய ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் ஏழைகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கூலிகளாகச் சென்றனர். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழர் பலர் தமிழகம் திரும்பினர். 1983க்குப் பின் இலங்கைப் போர் துரத்தியவர்களும் வந்தனர். குல்லூர்ச்சந்தை, ஆனைக்குட்டம் முதலிய ஊர்களில் அவர்களுக்கு முகாம்கள் உள்ளன.

வட்டாரத்தின் போக்கை மாற்றியதோ இருவரின் குறுகிய காலப் பயணம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். விவசாயத்துக்குப் பகையான வறண்ட காற்று, குச்சி காய்வதற்கும் மருந்து காய்வதற்கும் வாகாக அமைந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு. இரண்டுக்கும் லேபிள் ஒட்டுவதற்காக அச்சகம். பண்ணைக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஊரைவிட்டுப் போகாமலே வாரக் கூலி கிடைத்தது.

இதன் பிறகு குடிபெயர்வு, நாள்தோறும் போய்த் திரும்பும் பயணமாக மாறியது. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர்ச் சிற்றூர்களிலிருந்தும், மாவட்ட எல்லை தாண்டிக் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்தும் 'பயராபீஸ்' (பட்டாசு ஆலை) வண்டிகள் விடியலில் ஆட்களை ஏற்றி வந்து மாலையில் இறக்கிவிடுகின்றன. இவர்களுள் பெண்கள் மிகுதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடிபெயர்வு அட்டவணைகளில் இவர்களுக்கு இடமில்லை. 2011இல் வேலைத்தலத்தின் தொலைவு பற்றிக் கேட்ட கேள்வியில் மட்டுமே தென்படுவார்கள். ஒரு காலத்தில் அதே வண்டிகளில் குழந்தைகளும் ஏற்றப்பட்டனர் என்பதை இத்தொழிலின் பெருமை பேசுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பள்ளிகளின் பெருக்கமும் அதைப் பெருமளவு குறைத்தன.

பள்ளி முடித்த அத்தலைமுறை மருந்து அறைக்குத் திரும்ப விரும்பவில்லை. கோவை, திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று அது பிரிந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தொழிலாளர் பலர் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் மாறினர். மறுபுறம் ராஜபாளையம் நூற்பாலைகளின் விடுதிகளிலும் சிவகாசி அச்சகங்களிலும் வட மாநிலத் தொழிலாளர் தங்கி வேலை பார்க்கின்றனர். பட்டாசுக் கூலி எட்டாத கிழக்குப் பகுதியான திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் நிலைமை வேறு. அங்கே சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஒரு பிழைப்பு. மற்றபடி இளைஞர்கள் வெளியூர் போவது இன்றும் பழைய வழக்கப்படியே தொடர்கிறது.