கோயிலுக்குள் வெளிச்சம்

ஆலயத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் தரை, வர்ணம், ஒலிபெருக்கி என்று கணக்குப் போடுகிறோம். வெளிச்சத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் வட்டாரத்து முன்னோர் அதில் எவ்வளவு கருத்தாயிருந்தார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

சிதம்பரம் நடராசர் கோயிலில், வெயில் காயும் வெளிப் பிரகாரத்திலிருந்து உள்ளே செல்லச் செல்ல வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். கண் அரையிருட்டுக்குப் பழகும் வேளையில் சிற்சபையின் விளக்கு எதிரே நிற்கும். வெட்ட வெளியில் நாம் ஏறிட்டும் பாராத சிறு சுடர் அங்கே கண்ணை நிறைக்கிறது.

வடலூரில் வேறு முறை. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்த இராமலிங்க அடிகளின் சத்திய ஞான சபை 1872-ல் திறக்கப்பட்டது. எண்கோணக் கட்டடம், உள்ளே விளக்கும் கண்ணாடியும், அவற்றின் முன் ஏழு நிறத் திரைகளும். தைப்பூசத்தன்று திரைகள் ஒவ்வொன்றாக விலகும்.

நம்மவர் பகலவனையே துணைக்கு அழைத்தார்கள். 1907-ல் மந்திரிக்கப்பட்ட புதுச்சேரி திரு இருதய ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை நம்மில் பலர் கண்டிருப்போம். சிற்றூர்க் கோயில்களுக்கு அத்தனை வசதி ஏது? கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த சன்னல், நற்கருணைப் பேழையருகே சிவப்பு விளக்கு, அவ்வளவே. ஆயினும் அந்தி மங்கியபின் எங்கே முழந்தாளிட வேண்டும் என்று குழந்தைக்கும் தெரிந்தது.

பாஸ்கா திருவிழிப்பின் கதை இன்னும் விந்தையானது. வெகுகாலம் அது பெரிய சனிக்கிழமை காலையிலேயே நடந்தது. பட்டப்பகலில் பாஸ்கா திரி ஏற்றினார்கள்! பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ல் அதை இரவுக்கு மாற்ற இடங்கொடுத்தார். 1956 முதல் எங்கும் இரவு வழிபாடாயிற்று. இருளும் திரும்பி வந்தது, திரிக்கும் பொருள் வந்தது.

பின்பு இரண்டாம் வத்திக்கான் சங்கம். குரு மக்களை நோக்கி நின்றதும், பீடத்துக்குப் பின்னால் சன்னல் உள்ள கோயில்களில் அவர் முகம் நிழலில் விழுந்தது. தமிழ்ப் பூசைக்குப் பாட்டுப் புத்தகமும் கைக்கு வந்தது. படிக்க வெளிச்சம் வேண்டாமா? நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதும் 1962-ல்தான். டியூப்லைட்டுகள் வந்தன, தேவைக்குத்தான் வந்தன, குறை சொல்லோம். ஆனால் கடைக்கும் கோயிலுக்கும் ஒரே வெள்ளை வெளிச்சம் என்றானபின் பேழையருகே எரியும் விளக்கு யார் கண்ணில் படும்?

ஆகவே வரும் பழுதுபார்ப்பில் சன்னல்களைப் பலகையடித்து மூடாதிருக்கவும், பெஞ்சுகளுக்கு மேலுள்ள விளக்குகளுக்கும் பீடத்து விளக்குகளுக்கும் தனித்தனி சுவிட்சு வைக்கவும் பங்குப் பேரவையை வேண்டுகிறோம். செலவு அதிகமாகாது.